மண்ணில்லாத படையணி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு படையணியின் வரலாறு. அதற்குப் பெயர் உண்டு, தளபதி உண்டு, வென்ற களங்களும் தோற்ற களங்களும் உண்டு, மாண்டவர்களின் நீண்ட பட்டியல் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர்கூட இந்த உலகத்தில் பிறந்தவர் இல்லை. கதைக்குள் பிறந்து, கதைக்குள் போரிட்டு, கதைக்குள் மாண்டவர்கள். அவர்களுடைய படையணிக்கு டானித் முதலாம் படையணி என்று பெயர்.

பிறக்காத வீரர்களுக்கு வரலாறு எதற்கு? அறிவியல் புனைகதை என்ற பெயரில் யாரோ எழுதிய கற்பனைப் போருக்கு ஒரு மாலைப் பொழுதை ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் கேட்க நினைக்கும் இந்தக் கேள்வியோடுதான் நானும் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனம் இருக்கிறது. 1987இல் அது ஒரு விளையாட்டை வெளியிட்டது. மேசைமேல் விரலளவு வீரர் உருவங்களை வரிசையாக நிறுத்தி, பகடை உருட்டி, எதிரெதிரே அமர்ந்து ஆடும் போர் விளையாட்டு. வார்ஹாமர் 40,000 என்பது அதன் பெயர். கதை நடக்கும் காலம் ஏறக்குறைய நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால். மனித இனம் விண்மீன்கள் எங்கும் பரவியிருக்கிறது. பரவியும் நிம்மதி இல்லை. ஒரு பேரரசு எல்லா உலகங்களையும் இரும்புக் கையால் ஆள்கிறது. சந்தேகப்பட்டால் எரிக்கும், எதிர்த்தால் அழிக்கும். அதன் காலாட்படைக்கு ஒவ்வோர் உலகமும் ஆள் அனுப்பியாக வேண்டும். கோடிக்கணக்கில் போகிறார்கள், கோடிக்கணக்கில் சாகிறார்கள். அந்தப் பேரரசின் கணக்குப் புத்தகத்தில் ஒரு படையணி என்பது வெறும் எண். பேச்சு முழுவதும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணைப் பிரித்தெடுத்து, அதற்கு முகம் வரைந்தவர் டான் அப்நெட் என்ற ஆங்கில எழுத்தாளர். சித்திரக்கதை உலகத்திலிருந்து வந்தவர். கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி திரைப்படம் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழுவை 2008இல் ஆண்டி லானிங்கோடு சேர்ந்து காமிக்ஸில் உருவாக்கியவர் இவர்தான். 1999இல் டானித் படையணியின் முதல் நாவல் வந்தது. 2019இல் பதினைந்தாவது நாவல் வந்தது. இருபது ஆண்டுகள், பதினைந்து நாவல்கள், ஒரே படையணி! ஒரு கதாநாயகனை இருபது ஆண்டுகள் காப்பாற்றி வைப்பது எளிது. கதாநாயகர்களை ஒவ்வொருவராகச் சாகவிட்டு, படையணியை மட்டும் இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது எளிதா?

சரி, டானித்துக்குப் போவோம்.

டானித் ஒரு காட்டு உலகம். நால்மரம் என்ற மரம் அங்கே வளர்கிறது. அந்த மரங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை, மெல்ல இடம் மாறும். இன்று வழியாக இருந்த இடம் அடுத்த பருவத்தில் அடர்காடு. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த ஒருவன் எப்படி இருப்பான்? திசை தப்ப மாட்டான். அடி எடுத்து வைத்தால் சருகு சத்தம் போடாது. நிழலோடு நிழலாக நிற்பான். காடு கற்றுக்கொடுத்த வித்தை அது. எந்தப் படைப்பள்ளியிலும் கிடைக்காது.

சப்பாத் உலகங்கள் என்று சொல்லப்படும் ஏறக்குறைய நூறு விண்மீன் மண்டலங்களை மீட்கப் பேரரசு ஒரு பெரும்போர் நடத்துகிறது. அந்தப் போருக்கு டானித்தும் ஆள் கொடுக்க வேண்டும். மூன்று படையணிகளுக்கு ஆள் திரட்டுகிறார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்க இப்ராம் கான்ட் வருகிறார். அவர் கமிசார். கமிசார் என்றால் வீரர்களின் ஒழுக்கத்தையும் விசுவாசத்தையும் கண்காணிக்கும் அதிகாரி, புறங்காட்டி ஓடுகிறவனைத் தன் கைத்துப்பாக்கியாலேயே சுட்டுவிடும் உரிமை பெற்றவர். அந்தப் படையில் கமிசார்கள் பொதுவாகப் படையை நடத்துவதில்லை. கான்ட் மட்டும் கர்னலாகவும் கமிசாராகவும் இரண்டு பொறுப்புகளையும் சுமக்கிறார்.

படை திரட்டிய அந்த நாளிலேயே எதிரியின் கப்பற்படை டானித்தின் வானத்தில் வந்து நிற்கிறது. உலகம் எரியத் தொடங்குகிறது. வீரர்கள் ஆயுதத்தோடு நிற்கிறார்கள், எங்கள் மண்ணுக்காகச் சண்டை போட விடுங்கள் என்கிறார்கள். கான்ட் மறுக்கிறார். இங்கே நின்றால் எல்லோரும் சாவோம், மண்ணும் மிஞ்சாது. ஏற முடிந்தவர்களைக் கப்பலில் ஏற்று என்று கட்டளை இடுகிறார். ஏறக்குறைய 2,000 பேர் தப்புகிறார்கள். பின்னால் ஓர் உலகமே அழிகிறது. தாய், தந்தை, மனைவி, மக்கள், காடு, அந்த நடக்கும் மரங்கள், எல்லாமே.

மூன்று படையணிகளில் இரண்டாவது இல்லை, மூன்றாவது இல்லை. முதலாவது மட்டும் இருக்கிறது. இனி டானித்திலிருந்து வேறொரு படையணி வரப்போவதில்லை. ஆகவே அதன் பெயர் ‘முதலாவதும் ஒரே ஒன்றும்’ என்று ஆகிறது. மற்றப் படைகள் இவர்களை ஆவிகள் என்று அழைக்கின்றன. சத்தமில்லாமல் வருகிறார்கள் என்பது ஒரு காரணம். செத்துப்போன உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது இன்னொரு காரணம்.

அந்த 2,000 பேர் தங்களைக் காப்பாற்றிய தளபதிக்கு நன்றி சொன்னார்களா? சொல்லவில்லை, நண்பர்களே. அப்நெட்டின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது இந்த இடத்தில்தான். உயிர் பிழைத்தவனுக்குள் எரிகிற நெருப்பை அவர் மறைக்கவில்லை. எலிம் ரோன் என்ற மேஜர், என் மண்ணைச் சாகவிட்டவனை ஒரு நாள் கொல்வேன் என்று வஞ்சினம் கூறுகிறான். அதைத் தளபதியிடமே மறைப்பதும் இல்லை. கோல்ம் கார்பெக் என்ற தாடிக்காரக் கர்னல், எல்லோருக்கும் மூத்த அண்ணனைப் போன்றவர், இரண்டு பக்கமும் உடைந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறார். டார்டன் என்ற வயதான மருத்துவர் இருக்கிறார். உயிர் எடுக்க மாட்டேன் என்ற உறுதியோடு காயம் கட்டுகிறவர். எல்லோரும் உறவுகளைத் தொலைத்துவிட்டு நிற்கும் அந்தக் கூட்டத்தில், சொந்த மகனும் உடன் தப்பி வந்த பேறு அவருக்கு மட்டும் வாய்த்திருந்தது. அந்த மகனையும் பிறகு போர் எடுத்துக்கொள்கிறது. பிரின் மைலோ என்ற சிறுவன் இருக்கிறான். டானித்திலிருந்து தப்பியவர்களில் படைவீரன் அல்லாதவன் அவன் ஒருவனே. அவன் கையில் டானித்தின் துருத்திக்குழல் இருக்கிறது. படை முன்னேறும்போது அவன் வாசிக்கிறான். அந்த வாசிப்பில் மட்டும்தான் டானித் மிச்சமிருக்கிறது.

இந்தக் கற்பனைக்கு வேர் எங்கே? நம்முடைய உண்மையான வரலாற்றில் இருக்கிறது.

1916 ஜூலை 1. பிரான்சில் சோம் ஆற்றுப் போரின் முதல் நாள். போமோன் ஆமெல் என்ற ஊருக்கு வெளியே நியூஃபவுண்ட்லாந்து படையணி பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தது. நியூஃபவுண்ட்லாந்து வட அட்லாண்டிக்கில் உள்ள ஒரு மீனவத் தீவு. அப்போது அது கனடாவோடு சேரவில்லை. சுமார் 800 பேர் நடந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுக்க 68 பேர் இருந்தார்கள். ஒரு சின்னத் தீவின் ஒரு தலைமுறை ஒரு காலைப் பொழுதில் போய்விட்டது. இன்றைக்கும் ஜூலை 1 அன்று கனடா முழுவதும் தேசிய நாள் கொண்டாட்டம் நடக்கும்போது, நியூஃபவுண்ட்லாந்தில் முதலில் நினைவஞ்சலி நடக்கிறது. ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒரே படையணியில் சேர்த்தால் வீரம் பெருகும் என்று நம்பினார்கள். பெருகத்தான் செய்தது. சாவு வந்தபோது அதுவும் ஒரே ஊருக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் போலந்தின் இரண்டாம் படைத்தொகுதி. சோவியத் முகாம்களிலிருந்து விடுபட்டு, 1942இல் ஈரான் வழியாக வெளியேறி, இத்தாலி வரை வந்து போரிட்டவர்கள். 1944 மே 18 அன்று மான்டே கசீனோ குன்றின் உச்சியில் இருந்த மடாலய இடிபாட்டில் கொடி ஏற்றியவர்கள் அவர்கள்தாம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் யால்டாவில் மூன்று தலைவர்கள் உட்கார்ந்து கோடு போட்டார்கள். அந்த வீரர்களில் பலருடைய சொந்த ஊர் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வென்ற பக்கத்தில் நின்று போரிட்டு, வென்றும், திரும்பிப் போக வீடில்லாதவர்கள்! ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனிலேயே தங்கிவிட்டார்கள். ஊர் கையைவிட்டுப் போன பிறகும் அவர்கள் படையாகவே நின்றார்கள்.

அப்நெட் இவற்றைப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்ப்பெயரைத் தாங்கிய படை என்ற மரபு அவருடைய நாட்டில் ஆழமானது. அந்த மரபுக்குள் வளர்ந்த ஒருவருக்கு ‘ஊரே இல்லாமல் போனால் படை என்ன ஆகும்’ என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்வியை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

எங்கே நிறுத்துகிறார்?

மூன்றாவது நாவல். 2000இல் வந்தது. நெக்ரோபொலிஸ் என்பது அதன் பெயர். வெர்காஸ்ட் என்ற உலகத்தில் வெர்வன்ஹைவ் என்ற தொழில்நகரம். பக்கத்து நகரமான சோய்க்கா எதிரியின் பிடிக்குள் போய், இதன்மேல் படையெடுத்து வருகிறது. டானித் வீரர்கள் காக்க வருகிறார்கள். நகரத்தைச் சுற்றி ஒளிக்கவசம் ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை நகரம் பிழைக்கும். நகரத்தின் தலைவன் புத்தி பேதலித்து, தன் கையாலேயே அந்தக் கவசத்தை அணைக்கிறான். மக்களைக் காக்க வேண்டியவனே கதவைத் திறந்துவிட்ட நகரம் அது.

அப்போது அந்த நகரத்தைக் காத்தவர்கள் யார்? சீருடைக்காரர்கள் மட்டுமா? சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். உலைக்கூடத் தொழிலாளர்கள் வந்தார்கள். தறியில் வேலை பார்த்த பெண்கள் வந்தார்கள். செத்த வீரனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இடிபாடுகளுக்குள் இறங்கினார்கள். குண்டு வெடித்து வெடித்துக் காது செத்துப்போனவர்கள் அவர்களுக்குள் நிறையப் பேர். அவர்கள் கை அசைவாலேயே பேசிக்கொண்டு போரிட்டார்கள். கட்டளை இடவும் கையசைவு, எச்சரிக்கவும் கையசைவு.

போர் முடிகிறது. வெற்றிதான். ஆனால் நகரம் வாழ முடியாத நகரமாகிவிட்டது. அதைக் கைவிட முடிவெடுக்கிறார்கள். பிழைத்த மக்கள் விரும்பினால் காக்க வந்த படைகளில் சேரலாம் என்று ஓர் ஆணை வருகிறது. டானித்தின் கூடாரத்துக்கு முன்னால் வெர்காஸ்ட் மக்கள் வந்து நிற்கிறார்கள். ஆண்களும் பெண்களும்.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் டானித் வீரனாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு மண் இல்லை. மொழி பேச, பழைய பாட்டைப் பாட, இந்த 2,000 பேரை விட்டால் ஆள் இல்லை. அதிலும் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். இருப்பது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயரை வேறு உலகத்துக்காரனுக்குக் கொடுப்பீர்களா? கொடுத்தால் அது டானித்தாக இருக்குமா? கொடுக்காவிட்டால், கடைசி டானித்காரன் சாகும் நாளில் படையணியும் சாகுமே, அதற்கு என்ன வழி?

கான்ட் கதவைத் திறக்கிறார். படையணி அவரை ஒரே மனத்தோடு பின்பற்றுவதில்லை. உரசல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மங்கிய போர்வை போர்த்திய காட்டுக்காரர்களுக்கும் ஆலைப்புகையில் வளர்ந்த நகரத்துக்காரர்களுக்கும் நடுவே, உணவு வரிசையில்கூடக் கோடு விழுகிறது. அப்நெட் இங்கே இனிப்புப் பூசவில்லை. வெர்காஸ்டிலிருந்து வந்த லைஜா கூ என்பவன் கொலைகாரன். படையணி முழுவதும் நேசித்த பிராக் என்ற பெரிய உருவமுள்ள அப்பாவியை அவன் கொல்கிறான். வந்தவர்களை நம்ப முடியாது என்று முணுமுணுத்தவர்கள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிறது. இருந்தும் கதவு மூடப்படவில்லை. ஒருவன் செய்த பாவத்தை ஓர் ஊரின் கணக்கில் எழுத இந்தக் கதை மறுக்கிறது.

வெர்காஸ்டிலிருந்து வந்தவர்களில் ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இருபது ஆண்டுக் கதையில் என் நெஞ்சை விட்டு அகலாத பகுதி இது.

கோல் கோலியா ஒரு சுரங்கத் தொழிலாளி. முதல் குண்டுவீச்சில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டார்கள் என்று நம்புகிறார். அந்தத் துயரத்தையே ஆயுதமாக்கிப் போரிட்டு, போர் முடிந்ததும் டானித்தில் சேர்கிறார். மனைவி இறந்தது உண்மை. ஆனால் குழந்தைகள் இறக்கவில்லை. டோனா க்ரீட் என்ற பெண், தெருச் சண்டைக் கும்பலில் வளர்ந்தவள், இடிபாட்டுக்குள் அழுதுகொண்டிருந்த அந்த இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். யார் பெற்ற பிள்ளைகள் என்று தெரியாது. தன் பிள்ளைகளாகவே வளர்த்தாள். டானித் வீரன் காஃப்ரன் அவளுக்குத் துணையானான். காட்டு உலகத்து ஆணும் ஆலை நகரத்துப் பெண்ணும் பெறாத இரண்டு பிள்ளைகளுக்குப் பெற்றோரானார்கள்.

பிறகு ஒரு நாள் கோலியாவுக்கு உண்மை தெரிகிறது. தன் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், அதுவும் இதே படையணியின் பின்வரிசையில் வளர்கிறார்கள். போய்த் தூக்கிக்கொள்ள வேண்டாமா? எந்தத் தகப்பனுக்குக் கை துடிக்காது? கோலியா போகவில்லை. ஒரு முறை எல்லாவற்றையும் இழந்த குழந்தைகளிடமிருந்து, இப்போது கிடைத்திருக்கும் தாயையும் தகப்பனையும் பறிக்க மாட்டேன் என்று தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறார். அதன் பின் ஒரு போரில் தலையில் காயம்பட்டு நினைவையே இழக்கிறார். சார்ஜென்டாக இருந்தவர் சாதாரணச் சிப்பாயாகிறார். அவருடைய பிரிவுக்குப் புதிய சார்ஜென்ட் யார்? டோனா க்ரீட். அந்தப் படையணியின் முதல் பெண் சார்ஜென்ட். தன் பிள்ளைகளை வளர்க்கிறவளின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, தனக்குப் பிள்ளைகள் உண்டு என்பதே நினைவில்லாமல், அந்தத் தகப்பன் துப்பாக்கி ஏந்தி நடக்கிறார்.

அவையோரே, இது விண்வெளிக் கதையா? விண்கப்பலையும் லேசர் துப்பாக்கியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். போர் துரத்திய எந்த அகதி முகாமிலும் நடக்கக்கூடிய கதை இல்லையா?

அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் டாலின். படையணியின் முகாமிலேயே வளர்ந்தவன். 2006இல் வந்த பத்தாவது நாவலில் அவனும் துப்பாக்கி ஏந்துகிறான். பிறந்த உலகம் வெர்காஸ்ட், வளர்த்த தகப்பன் டானித்காரன். அவன் எந்த மண்ணைச் சேர்ந்தவன்? அவனிடமே கேட்டால் படையணியைத்தான் காட்டுவான். ஆவிகள் என்று பேர் வாங்கிய கூட்டத்துக்கு ஓர் அடுத்த தலைமுறை கிடைத்துவிட்டது. அதே போரில் காஃப்ரன் இறக்கிறான் என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

இனி, இதற்குச் சற்று முன்பு நடந்த இன்னொரு கட்டத்துக்கு வருவோம். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எதிரியின் பிடியில் இருந்த ஓர் உலகத்துக்கு ஒரு சிறு குழுவோடு கான்ட் அனுப்பப்படுகிறார். அவர் திரும்ப மாட்டார் என்று மேலிடம் முடிவு கட்டுகிறது. தலைவன் இல்லாத படையணியை, பெல்லடான் என்ற உலகத்தின் 81ஆம் படையணியோடு இணைத்துவிடுகிறார்கள். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. டானித் என்ற பெயர் ஓர் எண்ணுக்குள் கரைந்துபோகிறது. எரிந்த உலகத்திலிருந்து தப்பி வந்த பெயர், எழுத்தர் ஒருவரின் மேசையில் காணாமல் போகிறது!

இது கற்பனை மிகை என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் நூற்றாண்டுப் பெருமை கொண்ட காலாட்படையணிகள் பலவற்றை 2006 மார்ச் 28 அன்று ஒரே படையணியாக இணைத்தார்கள். பிளாக் வாட்ச் என்ற புகழ்பெற்ற பெயர் ஒரு பெரிய படையணிக்குள் மூன்றாவது பட்டாலியனாக மாறியது. முன்னாள் வீரர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். தொப்பியில் செருகும் அந்தச் சிவப்பு இறகுக் குஞ்சத்தையாவது விட்டுவைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள், அது நிலைத்தது. ஓர் இறகுக்கு இவ்வளவு போராட்டமா என்று வெளியே இருப்பவர் கேட்கலாம். அந்த இறகோடு புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

கான்ட் உயிரோடு திரும்புகிறார், டானித்தின் பெயரும் திரும்புகிறது. பெல்லடான் வீரர்களைத் துரத்திவிடவில்லை. அவர்களும் டானித் ஆனார்கள். அவர்களிலிருந்து பின்னாளில் ஒரு வாத்தியக் குழுகூட வந்து சேர்கிறது. மூன்று உலகத்துக்காரர்கள் ஒரே பெயரில் நடக்கிறார்கள். கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு பணியை முடித்துத் திரும்பும் வழியில் அவர்களுடைய கப்பல் பழுதாகிறது. விண்வெளியின் இயல்பு பிசகிய பாதையில் காலமும் பிசகிவிடுகிறது. அவர்களுக்குச் சில நாள் கழிந்திருக்க, வெளியே பத்தாண்டுகள் ஓடிவிட்டன. பட்டியலில் அவர்கள் எப்போதோ இறந்தவர்கள். டானித்தை இழந்தவர்கள் இந்த முறை காலத்தையே இழக்கிறார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹால்டேமனை நினைக்காமல் இருக்க முடியாது. வியட்நாமில் போரிட்டுப் படுகாயம் அடைந்தவர். 1974இல் வெளிவந்த தி ஃபாரெவர் வார் நாவலில், விண்மீன்களுக்கு இடையே போய்ப் போரிடும் வீரனுக்குச் சில ஆண்டுகள் கழிய, ஊரில் நூற்றாண்டுகள் கழிகின்றன. வியட்நாமிலிருந்து திரும்பியவனுக்கு அமெரிக்கா அந்நியமாகத் தெரிந்த வலியை அவர் இயற்பியலாக்கினார். அதே தலைமுறையைச் சேர்ந்த டேவிட் டிரேக்கும் அப்படித்தான். வியட்நாமிலும் கம்போடியாவிலும் 11ஆம் கவசக் குதிரைப்படையணியில் இருந்தவர். திரும்பி வந்து, ஹாமரின் கூலிப்படை டாங்கிப் படையணியைப் பற்றிக் கதை கதையாக எழுதினார். அவருடைய வீரர்கள் லட்சியம் பேச மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவனுக்காகச் சண்டை போடுவார்கள், வேறு எதற்காகவும் இல்லை. போரைப் பார்த்தவர்கள் எழுதிய படையணி அப்படி இருந்தது. அப்நெட் போரைப் பார்த்தவர் இல்லை. ஆனால் ஹால்டேமனும் டிரேக்கும் தனி வீரனின் வலியை எழுதிய இடத்திலிருந்து, அவர் ஒரு சமூகத்தின் பிழைப்பை எழுதும் இடத்துக்கு நகர்ந்தார். அது முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு கடுமையான கேள்வி மிச்சமிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக என் மனம் ஒப்பாது. இந்தப் படையணி யாருக்காகப் போரிடுகிறது? கேள்வி கேட்பவனை எரிக்கிற, கோடி மக்களைத் தூசாக எண்ணுகிற ஒரு கொடுங்கோன்மைக்காக. கான்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் இடுப்பில் இருப்பது தன் வீரனையே சுடும் துப்பாக்கி. இப்படி ஒரு பேரரசின் சிப்பாய்களை நாம் நேசிக்கலாமா? இளைஞர்கள் இதைப் படித்துப் போரை அழகென்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைக்கக்கூடிய ஆபத்து உண்டு. அதை மறுக்க மாட்டேன். அழகான சீருடை, அழகான வசனம், மேசைமேல் நிறுத்த அழகான பொம்மை. இவை வியாபாரமும்தானே. ஆனால் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கான்ட்டின் கொடிய பகைவர்களில் பாதிப் பேர் அவருடைய மேலதிகாரிகள். பதக்க வெறியில் படைகளை நெருப்புக்குள் தள்ளும் ஜெனரல்கள். டானித் வீரன் சாகும் பல இடங்களில் அவனைக் கொன்றது எதிரியின் குண்டு, அனுப்பியது தன் பக்கத்து முட்டாள்தனம். சாகிறவனுக்குப் பெயர் இருக்கிறது, நாம் நூறு பக்கம் பழகிய பெயர். கார்பெக் இறக்கிறார், ஏழாவது நாவலில். டார்டன் இறக்கிறார், பதின்மூன்றாவது நாவலில், நோய் தின்ற உடம்போடு. படையணியை எண்ணாக எழுதும் பேரரசுக்கு எதிராக, ஒவ்வொரு சாவையும் பெயர் சொல்லி எழுதுவதுதான் இந்தக் கதை செய்யும் கலகம். பிறக்காத வீரர்களுக்கு வரலாறு எதற்கு என்று கேட்டோமே, என் விடை இதுதான். பிறந்த வீரர்களைத்தான் நாம் பல நேரம் எண்களாக எழுதிவிடுகிறோம். போமோன் ஆமெலில் நடந்தவர்கள் சுமார் 800, மறுநாள் குரல் கொடுத்தவர்கள் 68 என்று நானே சற்று முன்பு ஒரு கணக்காகத்தான் உங்களுக்குச் சொன்னேன்.

வாசகர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2021இல் அந்த நிறுவனம் டானித் வீரர்களின் உருவங்களைப் புதிதாக வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு பேர். கான்ட், கார்பெக், ரோன், மக்கோல், லார்கின், பிராக். நாவலில் கார்பெக்கும் பிராக்கும் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆனாலும் ஆவிகள் என்றதும் வாசகர் மனத்தில் நிற்கும் முகங்களில் அவர்கள் இருவருக்கும் இடம் இருந்தது. எனக்கு இதில் ஒரு குறையும் உண்டு. அந்த ஆறில் வெர்காஸ்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒரு பெண்கூட இல்லை. டோனா க்ரீட் அங்கே நின்றிருக்க வேண்டும். கதைக்குள் கான்ட் திறந்த கதவை, கதைக்கு வெளியே இன்னும் முழுவதும் திறக்கவில்லை.

இளைஞர்கள் பலர் குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கூட்டம் முடிந்ததும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டாம். அது வேகமான கதைதான், ஆனால் எழுத்தாளருடைய கை அதில் இன்னும் பழகவில்லை. மூன்றாவது நாவலான நெக்ரோபொலிஸை எடுங்கள். முன்கதை தெரியாமலே அதைப் படிக்கலாம். முதல் அத்தியாயங்களில் டானித் வீரர்களே இருக்க மாட்டார்கள், பதற வேண்டாம். ஒரு சாதாரண நாள், ஒரு சாதாரண நகரம், வேலைக்குக் கிளம்பும் ஒரு சுரங்கத் தொழிலாளி, கடைத்தெருவில் பிள்ளைகளோடு அவர் மனைவி. அபாயச் சங்கு ஒலிக்கும்வரை அவர்களோடு இருங்கள். அதன் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடிந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் என்னோடு வாதாடுங்கள்.